கண்ணொளி தந்த கைகள்

மதுரை மாநகரிலிருந்து திருப்பரங்குன்றத்தையும் திருநகரையும் கடந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, திருமங்கலம், விருதுநகர், சாத்தூர் முதலிய ஊர்களின் வழியே கரிசற்காட்டுக்குள் நுழைகிறது. வைகைக் கரையின் பசுமை மெல்ல மறைய, கண்ணுக்கெட்டிய தொலைவுவரை கருநிற மண்ணும், பருத்தியும், கம்பும், ஆங்காங்கே நிற்கும் உடைமரங்களுமே காட்சி தருகின்றன. மழை பெய்தால் நடப்பவர் காலை விடாமல் பற்றும் மண் அது. வெயிலில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிப்பதும் அம்மண்ணே. அந்நிலத்தில், எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரம் என்னும் சிற்றூரில், 1918ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாளன்று, ஓர் உழவர் குடும்பத்தில் கோவிந்தப்ப வெங்கடசாமி பிறந்தார். பின்னாளில் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவியவரும், தம் கையாலேயே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவரும் அவரே. அக்கைகளின் விரல்கள் நேரானவை அல்ல. முப்பதாம் வயதில் நோயால் முறுக்கப்பட்டுக் கோணிப்போனவை. அவ்விரல்களோடும் அவற்றை விட்டு நீங்காத வலியோடும் வாழ அவர் எங்ஙனம் கற்றார் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

உடன்பிறந்தார் ஐவருள் வெங்கடசாமியே மூத்தவர். அக்காலத்தில் அச்சிற்றூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாளும் எழுதுகோலும் எளிதில் கிட்டுவன அல்ல. ஆற்று மணலைக் கொணர்ந்து பரப்பி, அதன்மேல் விரலால் எழுதி எழுத்துக் கற்றனர். காலையில் எருமைகளை மேய்த்துவிட்டுப் பள்ளிக்குச் செல்வது சிறுவன் வெங்கடசாமியின் வழக்கம். அந்நாளில் ஊரில் மருத்துவர் எவரும் இல்லை. அவருடைய உறவினப் பெண்கள் மூவர், கருவுற்றிருந்த காலத்தில், உரிய மருத்துவம் கிட்டாமல் ஒருவர் பின் ஒருவராக உயிர் துறந்தனர். இளம் பருவத்தில் கண்ட அச்சாவுகள் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. தாம் மருத்துவம் கற்க வேண்டும், அதிலும் மகப்பேறு மருத்துவமே கற்க வேண்டும் என்று அவர் அப்போதே உறுதி பூண்டார்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று 1938இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1944இல் மருத்துவரானார். அது இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். இளம் மருத்துவர் பலரைப் போல அவரும் இராணுவ மருத்துவப் பிரிவில் பணி ஏற்றார். போர் முடிந்தபின் ஊருக்குத் திரும்பி மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே அவர் போட்டிருந்த கணக்கு. அக்கணக்கை நோய் கலைத்தது. கடுமையான முடக்குவாதம் பற்றியதால், 1948ஆம் ஆண்டில் அவர் இராணுவப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

முடக்குவாதம் இன்னதென்று ஈண்டுச் சிறிது அறிந்துகொள்வது நலம். முதுமையில் மூட்டுகள் தேய்வதால் வரும் வலி வேறு, இது வேறு. புறத்தேயிருந்து வரும் கிருமிகளை எதிர்க்க நம் உடலில் ஒரு காவல் அமைப்பு உண்டு. அது இந்நோயில் திசை தவறி, உடலின் சொந்த மூட்டுகளையே பகையாகக் கருதித் தாக்குகிறது. மூட்டுகளின் உட்சவ்வு வீங்கித் தடிக்கிறது. நாளடைவில் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. தசைநார்கள் இழுபட்டு விரல்கள் ஒருபுறமாகச் சாய்கின்றன. பெரும்பாலும் இரு கைகளும் இரு கால்களும் ஒருங்கே பாதிக்கப்படுகின்றன. காலையில் எழுந்ததும் மூட்டுகள் இறுகிக் கிடக்கும். அவ்விறுக்கம் தளர ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். நோய் சில காலம் தணிந்திருக்கும். பின்பு காரணம் விளங்காமலே சீறி எழும். நாளை எப்படியிருக்கும் என்று நோயாளியால் இன்று சொல்ல இயலாது.

வெங்கடசாமி மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். நாள்கள் மாதங்களாயின, மாதங்கள் ஆண்டைத் தொட்டன. நிற்க இயலவில்லை, நடக்க இயலவில்லை, எழுதுகோலைப் பற்றவும் விரல்கள் இசையவில்லை. நோயாளிகளைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் தம்மைப் பிறர் தூக்கி உட்காரவைக்கக் காத்திருந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது.

அவரைப் படுக்கையில் வீழ்த்திய அதே 1948ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பிலிப் ஹெஞ்ச் என்னும் மருத்துவர், இந்நோயால் முடங்கிக் கிடந்த பெண் ஒருவருக்குக் கார்ட்டிசோன் என்னும் மருந்தை முதன்முதலாகச் செலுத்தினார். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தது கண்டு உலகம் வியந்தது. 1950இல் ஹெஞ்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எனினும் அம்மருந்தை நெடுங்காலம் உட்கொண்டால் வேறு தீங்குகள் விளையும் என்பது விரைவிலேயே தெரிந்தது. நோயின் போக்கையே தடுக்கும் மருந்துகள் பரவலான வழக்கத்துக்கு வர மேலும் பல்லாண்டுகள் ஆயின. ஆகவே, வெங்கடசாமியின் விரல்கள் கோணிய காலத்தில் அதைத் தடுத்து நிறுத்தும் வழி மருத்துவத்தில் இல்லை.

இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர் பொறுத்துக்கொண்டார் என்பதற்காக, இன்று மூட்டு வீக்கம் காண்பவரும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருத்தல் தகாது. இக்காலத்தில் நோய் தொடங்கிய சில மாதங்களுக்குள் மருத்துவரை அடைந்தால், விரல்கள் கோணாமலே காத்துக்கொள்ள இயலும். அவருடைய பொறுமை, வேறு வழியற்ற காலத்தில் அவர் மேற்கொண்டது.

படுக்கையிலிருந்து அவர் மீண்ட முறை விரைவானது அன்று. முதலில் எழுதுகோலைப் பிடிக்கப் பழகினார். பண்டு ஆற்று மணலில் எழுத்துக் கற்ற அவ்விரல்கள், முப்பது வயதில் இரண்டாம் முறையாக எழுதக் கற்றன. பிறகு எழுந்து நிற்கப் பழகினார். பிறகு சில அடிகள் நடந்தார். இத்தகைய நோயில் இருபுறமும் இடர் உண்டு. வலிக்கு அஞ்சி முற்றிலும் அசையாதிருந்தால் தசைகள் மெலிகின்றன, மூட்டுகள் உறைந்துபோகின்றன. ஆர்வ மிகுதியால் அளவுக்கு மேல் உழைத்தால் வீக்கம் சீறி, அடுத்த சில நாள்களைப் பறித்துக்கொள்கிறது. இன்று எவ்வளவு இயலும் என்பதை உடலோடு நாள்தோறும் கலந்து முடிவு செய்யவேண்டும். வண்டிமாட்டின் களைப்பறிந்து ஓட்டும் வண்டிக்காரனுக்கும், தண்ணீர் குறைந்த கிணற்றை ஊறவிட்டு இறைக்கும் உழவனுக்கும் தெரிந்த கணக்கு அது. கரிசற்காட்டு உழவரின் மகனுக்கு அக்கணக்கு முற்றிலும் புதியதாய் இருந்திராது.

எழுந்து நடந்தபின் அவர்முன் ஒரு கடினமான வினா நின்றது. மகப்பேறு மருத்துவம் இனி இயலாது. நள்ளிரவிலும் நெடுநேரம் நின்று, கைகளில் வலுவேண்டிச் செய்யும் தொழில் அது. அதற்காகவே மருத்துவம் படித்தவர் அவர். இறந்துபோன அம்மூன்று பெண்களின் நினைவால் மேற்கொண்ட உறுதி அது. அதைக் கைவிடுதல் எளிதாக இருந்திருக்க முடியாது. உறுதியை விட மறுத்து உடலோடு போராடி அழிந்தவர் பலர். உறுதி குலைந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டவர் அவரினும் பலர். வெங்கடசாமி கண் மருத்துவத்தைத் தேர்ந்தார். 1951இல் கண் மருத்துவப் பட்டயமும், 1954இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

கோணிய விரலுடையவர் கண் மருத்துவம் கற்பதா என்று கேட்கத் தோன்றும். மனிதக் கண்ணின் குறுக்களவு ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். அதனுள் இருக்கும் வில்லையோ ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அவ்வில்லை பால்போல் மங்கிப்போவதையே கண்புரை என்கிறோம். அக்காலத்து முறையில், கருவிழியின் ஓரத்தைக் கத்தியால் நுட்பமாக வகிர்ந்து, மங்கிய வில்லையை முழுமையாக வெளியே எடுத்துவிடுவர். பின்பு கனத்த கண்ணாடி அணிந்தே நோயாளி உலகைக் காண்பார். அவ்வறுவையில் கை ஒரு மயிரிழை பிறழ்ந்தாலும் பார்வை போய்விடும். ஆயினும் அத்தொழிலுக்கு வேறொரு தன்மையும் உண்டு. அதற்குத் தோள்வலி வேண்டுவதில்லை, கருவிகள் சிறியவை, எடையற்றவை, ஒவ்வோர் அறுவையும் சில நிமிடங்களில் முடியக்கூடியது, அசைவுகள் சிலவே. அச்சில அசைவுகளைத் தம் விரல்களுக்குக் கற்பித்துவிட்டால் போதும் என்பது வெங்கடசாமிக்கு விளங்கியது.

அவர் தம் கைக்கு ஏற்றவாறு கருவிகளை அமைத்துக்கொண்டார். விரல்கள் முன்போல் மடங்கா எனில், மடங்கும் அளவுக்குள் அடங்குமாறு கருவியின் பிடி இருக்க வேண்டும். நேராகப் பற்ற இயலாத கத்தியைத் தம் வளைந்த விரல்களுக்கிடையே எங்கு வைத்தால் அசையாது நிற்கும் என்று கண்டறிய வேண்டும். பயிற்சி செய்தார், மீண்டும் மீண்டும் செய்தார். காலப்போக்கில் ஒரே நாளில் நூறு அறுவைகளைச் செய்து முடிக்கும் வன்மை அக்கைகளுக்கு வந்தது. அறுவை மேசையில் படுத்திருந்த மூதாட்டி எவரேனும் அவ்விரல்களைக் கண்டு முதலில் அஞ்சியிருக்கக் கூடும். கட்டு அவிழ்த்த நாளில் அவ்விரல்களையே அவர் முதலில் கண்டிருக்கவும் கூடும்!

இந்நோயோடு தொழிலை விடாது செய்தவர் பிற நாடுகளிலும் இருந்தனர். பிரான்சு நாட்டின் பெயர் பெற்ற ஓவியர் ரெனுவார், விரல்கள் முற்றிலும் மடங்கிப்போன பின்னரும் சக்கர நாற்காலியில் அமர்ந்து, தூரிகையைத் தம் விரலிடுக்கில் வைக்கச் செய்து, 1919இல் இறக்கும்வரை தீட்டிக்கொண்டிருந்தார். ஓவியத்தில் ஒரு கோடு பிசகினால் அழித்து எழுதலாம். கண்ணில் அது இயலாது என்பது இருவர்க்கும் உள்ள வேற்றுமை.

1951இல் தந்தையார் மறைந்தார். மூத்த மகனாகிய வெங்கடசாமி, தம்பி தங்கையரின் கல்விக்கும் வாழ்வுக்கும் பொறுப்பேற்றார். தாம் திருமணம் செய்துகொள்ளவில்லை. குடும்பச் சுமையும் நோய்ச்சுமையும் ஒருங்கே வந்த அந்த ஆண்டுகள் எத்தகையனவாய் இருந்தன என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1956இல் அவர் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், அந்நாளில் எர்ஸ்கின் மருத்துவமனை என்று வழங்கிய அரசு மருத்துவமனையில் கண் அறுவை மருத்துவராகவும் பொறுப்பேற்றார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அப்பணி தொடர்ந்தது. பார்வையிழந்த ஏழை மக்கள் நகரத்து மருத்துவமனையை நாடி வருவதில்லை என்பதை அவர் கண்டார். பேருந்துச் செலவு ஒரு தடை. உடன் வருபவரின் ஒரு நாட்கூலி போவது மற்றொரு தடை. முதுமையில் பார்வை போவது தலைவிதி என்னும் எண்ணம் அவற்றினும் பெரிய தடை. ஆதலின் மருத்துவமே ஊர்களுக்குச் செல்லட்டும் என்று, 1960களில் கண் சிகிச்சை முகாம்களை நடத்தலானார். அக்காலத்துச் சாலைகளில் வண்டியில் செல்வது மூட்டு நோயாளி ஒருவரை என்ன பாடு படுத்தும் என்பது சொல்லாமலே விளங்கும். அவர் சென்றார், தாம் மட்டும் செல்லவில்லை, மாணவரையும் உடன் அழைத்துச் சென்றார்.

1966இல் அவர் பார்வையற்றோர்க்கான மறுவாழ்வு மையம் ஒன்றைத் தொடங்கினார். இதனைச் சிலர் அவர் வாழ்வில் ஒரு சிறு செய்தியாகக் கடந்துவிடுவர். நமக்கோ அது பெரிதாகத் தோன்றுகிறது. அறுவையால் பார்வை மீளப்பெறுவோர் ஒரு வகையினர். எவ்வகை மருத்துவத்தாலும் பார்வை மீளாதோர் மற்றொரு வகையினர். இரண்டாம் வகையினரை மருத்துவர்கள் பெரும்பாலும் கைவிரித்து அனுப்பிவிடுவது வழக்கம். கைவிரிக்கப்பட்டவர் அடுத்த நாள் காலையில் எழுந்து கிணற்றடிக்குச் செல்வது எப்படி, வயல் வரப்பில் நடப்பது எப்படி, பிழைப்புக்கு ஒரு தொழிலைச் செய்வது எப்படி என்று கற்பிக்க ஓர் இடம் வேண்டும் என்பதைத் தீராத நோயோடு வாழ்ந்த ஒருவர் எளிதில் உணர்ந்தார். 1973இல் கண் மருத்துவ உதவியாளர்க்குப் பயிற்சி அளிக்கும் திட்டத்தையும் தொடங்கினார். இந்திய அரசு அவ்வாண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இவ்வளவு உழைப்புக்கிடையே வலி எங்கே போயிற்று? அது எங்கும் போகவில்லை. உடலில் எழும் வலிச் செய்தியை நரம்புகள் மூளைக்குக் கொண்டுசெல்கின்றன. ஆனால் அச்செய்தி எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்பதில் மூளைக்கும் பங்கு உண்டென்று இன்றைய அறிவியல் கூறுகிறது. அச்சமும், உறக்கமின்மையும், எந்நேரமும் வலியையே எண்ணியிருத்தலும் அதனை மிகுவிக்கின்றன. மனம் தோய்ந்து ஈடுபடும் செயலும், நல்லுறக்கமும், அமைதியும் அதனைத் தணிக்கின்றன. இதனால் வலி வெறும் கற்பனை என்று பொருள் கொள்ளலாகாது. அவ்வாறு சொல்வோர் நோயாளியின் நெஞ்சைப் புண்படுத்துவோர் ஆவர். வெங்கடசாமி அரவிந்தரின் நூல்களில் தோய்ந்தவர். புதுச்சேரி ஆசிரமத்தோடு நெடுங்காலத் தொடர்பு உடையவர். தியானத்தையும், தம் எண்ணங்களை நாட்குறிப்பில் எழுதி ஆராயும் வழக்கத்தையும் அவர் கைக்கொண்டிருந்தார். அவை அவர் விரல்களை நிமிர்த்தவில்லை. விடியலில் எழுந்து அவ்விரல்களோடு வேலைக்குச் செல்லும் மனத்தை அவருக்கு அளித்தன.

1976இல் அவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். மூன்று பத்தாண்டுகளாக மூட்டு நோயோடு உழைத்தவர், இனிச் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தால் குறை கூறுவார் எவருமில்லை. அவரோ அவ்வாண்டிலேயே மதுரை அண்ணாநகரில் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கி, அதற்கு அரவிந்தரின் பெயரைச் சூட்டினார். கையில் போதிய பொருள் இல்லை. வீட்டை அடகு வைத்தனர். குடும்பத்தார் நகைகளையும் ஈடு வைத்தனர். தங்கை டாக்டர் நாச்சியார், அவர்தம் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி சீனிவாசன் முதலியோர் தோள் கொடுத்தனர். தாம் தாங்கி வளர்த்த குடும்பம் அப்போது அவரைத் தாங்கியது. நெடுநாள் நோயுடையவர் தனித்து நின்று எதையும் சாதித்துவிடுவதாகக் கதைகள் சொல்வதுண்டு. வெங்கடசாமியின் வரலாறு அத்தகையதன்று.

பணம் செலுத்த வல்லவரிடம் கட்டணம் பெற்று, அதனைக் கொண்டே வறியவர்க்கு இலவசமாக மருத்துவம் செய்வது அம்மருத்துவமனையின் முறை. அங்குள்ள அறுவைக்கூடத்தின் ஒழுங்கும் நோக்கத்தக்கது. ஒரு மருத்துவர்க்கு அருகருகே இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் மற்றொரு நோயாளி ஆயத்தமாக இருப்பார். பயிற்சி பெற்ற பெண் உதவியாளர்கள் வேண்டிய கருவியை வேண்டிய கணத்தில் கையில் தருவர். ஒன்று முடிந்ததும் மருத்துவர் அடுத்த மேசைக்குத் திரும்பினால் போதும். வீணாகும் அசைவு ஒன்றுமில்லை. பெருந்தொகையான நோயாளிகளுக்குக் குறைந்த செலவில் மருத்துவம் செய்யவே இம்முறை வகுக்கப்பட்டது. ஆயினும், ஒவ்வோர் அசைவையும் எண்ணிச் செலவழிக்க வேண்டிய கைகளை உடைய ஒருவர் நிறுவிய இடத்தில் அது தழைத்தது தற்செயல் அன்று என்றே கருதத் தோன்றுகிறது.

கண்புரையை எடுத்தபின் கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை பொருத்தும் முறை பின்னர் வந்தது. அவ்வில்லைகள் அயல்நாட்டிலிருந்து வந்தன. ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தன. 1992இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் மதுரையில் நிறுவப்பட்டு, அவை மிகக் குறைந்த விலையில் இங்கேயே செய்யப்பட்டன. தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி ஆகிய இடங்களிலும் கிளை மருத்துவமனைகள் எழுந்தன. பன்னாட்டு மருத்துவரும் மேலாண்மை அறிஞரும் அண்ணாநகரை நாடிவந்து அம்முறையைக் கற்றுச் சென்றனர்.

வெங்கடசாமி முதுமையிலும் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்தவில்லை. மெலிந்த உடலும் நரைத்த தலையுமாக, மெல்ல நடந்து வந்து நோயாளிகளைக் கண்டார். இளம் மருத்துவரோடு உரையாடினார். 2006ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் ஏழாம் நாள், தமது 87ஆம் வயதில், அவர் மதுரையில் காலமானார். மூட்டுகளில் வலி புகுந்து அப்போது ஏறத்தாழ 58 ஆண்டுகள் ஆகியிருந்தன.